நவா ஷேவா: ஒரு பெட்டகத் துறைமுகத்தின் வரலாறும் வாணிகமும்

இந்தியாவின் அயல்நாட்டு வாணிகத்தில், எடை அளவில் ஏறத்தாழ 95 விழுக்காடும் மதிப்பளவில் ஏறத்தாழ 70 விழுக்காடும் கடல் வழியாகவே நடைபெறுகின்றன. எனவே துறைமுகங்களின் திறன் நாட்டின் பொருளாதாரத் திறனோடு நேரடியாகப் பிணைந்ததாகும். துறைமுகம் என்றவுடன் கப்பல் வந்தணையும் தளமும் பளுதூக்கிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கப்பல் தளம் என்பது துறைமுகத்தின் ஒரு பாதியே. அதன் மறுபாதி நிலத்தில் இருக்கிறது. சரக்கை ஏற்றிச்செல்லும் இருப்புப்பாதை, சாலை, சுங்க நடைமுறை, துறைமுகத்திற்காக நிலத்தையும் நீரையும் விட்டுக்கொடுத்த மக்களின் வாழ்வு ஆகிய யாவும் அந்த மறுபாதியில் அடங்கும். மும்பைக்கு எதிர்க்கரையில் 1989ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜவாகர்லால் நேரு துறைமுகத்தின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

பெட்டகம் கொணர்ந்த மாற்றம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் கப்பல் சரக்கு மூட்டைகளாகவும் பீப்பாய்களாகவும் மரப்பெட்டிகளாகவும் ஒவ்வொன்றாகக் கையாளப்பட்டு வந்தது. ஒரு கப்பலை நிரப்பவும் காலிசெய்யவும் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காலம் ஆயிற்று. கப்பலின் வாழ்நாளில் பெரும்பகுதி கடலில் அன்றித் துறைமுகத்திலேயே கழிந்தது.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவின் நியூஆர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டகங்களை ஏற்றிச்சென்ற ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் இந்நிலையை மாற்றியது. மால்கம் மெக்லீன் என்னும் லாரிப் போக்குவரத்துத் தொழிலதிபர் இம்முறையைப் புகுத்தினார். டன் ஒன்றுக்குச் சுமார் 6 டாலராக இருந்த ஏற்றுகூலி 16 சென்ட்டாகக் குறைந்தது என்பது அந்நாளைய கணக்கு. பிறகு பெட்டகங்களின் அளவு உலகெங்கும் ஒருமைப்படுத்தப்பட்டது. 20 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட பெட்டகமே இன்றும் துறைமுகங்களின் திறனை அளக்கும் அலகாக விளங்குகிறது. இதனை இருபதடி அலகு என்பர். 40 அடிப் பெட்டகம் ஒன்று இரண்டு அலகுகளாகக் கணக்கிடப்படும்.

பெட்டகத்தின் உண்மையான சிறப்பு அதன் வடிவத்தில் இல்லை. தொழிற்சாலையின் வாயிலில் பூட்டி முத்திரையிடப்பட்ட பெட்டி, லாரி, இரயில், கப்பல் என்று மாறி மாறிச் சென்று, வாங்குவோரின் வாயிலில்தான் மீண்டும் திறக்கப்படுகிறது. துறைமுகம் சரக்கின் இருப்பிடமாக இல்லாமல் அது கடந்து செல்லும் வாயிலாக மாறிவிட்டது. வாயிலில் கூட்டம் தேங்கினால் பெட்டகத்தால் விளையும் பயன் முழுவதும் கரைந்துபோகும்.

இந்தியாவில் பெட்டகக் கப்பல் ஒன்று முதன்முதலில் 1973ஆம் ஆண்டு கொச்சித் துறைமுகத்திற்கு வந்தது. 1981இல் பெங்களூரில் நாட்டின் முதல் உள்நாட்டுப் பெட்டகக் கிடங்கு அமைந்தது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் பெட்டகங்களுக்கென்றே தனி முனையம் திறக்கப்பெற்றது. ஆயினும் நாட்டின் மிகப் பெரிய வாணிக நகரமான பம்பாயில் இம்மாற்றத்திற்கு இடமளிப்பது எளிதாக இல்லை.

பம்பாய்த் துறைமுகத்தின் நெருக்கடி

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பம்பாய் இந்தியாவின் மேற்கு வாயிலாயிற்று. 1873இல் அதன் துறைமுகப் பொறுப்புக் கழகம் நிறுவப்பெற்றது. 1880இல் பிரின்ஸ் துறையும், 1888இல் விக்டோரியா துறையும், 1914இல் பின்னாளில் இந்திரா துறை எனப் பெயர் பெற்ற அலெக்சாண்ட்ரா துறையும் கட்டி முடிக்கப்பட்டன. இவை நீராவிக் கப்பல்களின் காலத்திற்கு ஏற்றவாறு சுவர் சூழ்ந்த நீர்த்தேக்கங்களாக அமைந்தவை.

நாட்டுப் பிரிவினையில் கராச்சித் துறைமுகம் பாகிஸ்தானுக்குச் சென்றது. அதன் பின்னிலமாக இருந்த வடமேற்கு இந்தியாவின் சரக்கும் பம்பாயை நோக்கித் திரும்பியது. இச்சுமையைக் குறைக்க 1955இல் காண்ட்லா பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. எனினும் பம்பாயின் நெருக்கடி தீரவில்லை. துறைகளைச் சுற்றி நகரம் நெருக்கமாக வளர்ந்துவிட்டபடியால், பெட்டகங்களை அடுக்குவதற்கான விரிந்த வெளி அங்கே கிடைக்கவில்லை. சரக்கு லாரிகள் நகரின் மிக நெரிசலான தெருக்களைக் கடந்தே வெளியேற வேண்டியிருந்தது. கப்பல்கள் இடம் கிடைக்கும்வரை நடுநீரில் நங்கூரமிட்டுக் காத்திருந்தன. அக்காத்திருப்பின் செலவு சரக்குக் கட்டணத்தில் சேர்ந்து, இறுதியில் இந்திய ஏற்றுமதியாளர், நுகர்வோர் ஆகியோரின் தலையிலேயே விழுந்தது.

எதிர்க்கரையில் ஒரு துறைமுகம்

1960களின் நடுவில் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரிஷ் பட்டேல் ஆகிய மூவர் பம்பாய் விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஒரு புதிய நகரை அமைக்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தனர். 1970இல் அதற்கென ‘சிட்கோ’ எனப்படும் நகர், தொழில் வளர்ச்சிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. புதிய நகருக்கு வேலைவாய்ப்பும், பழைய துறைமுகத்திற்கு மாற்றும் ஒருங்கே தேவைப்பட்டன. இவ்விரு தேவைகளும் சந்தித்த இடமே அன்றைய குலாபா மாவட்டத்தின் உரண் வட்டத்தில், எலிபண்டா தீவுக்கு அருகில் உள்ள நவா, ஷேவா என்னும் சிற்றூர்களின் கரையாகும்.

1982இல் புதிய துறைமுகத்திற்கான பொறுப்புக் கழகம் அமைக்கப்பட்டது. உலக வங்கியின் கடனுதவியும் பெறப்பட்டது. 1989ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. அது ஜவாகர்லால் நேருவின் நூற்றாண்டு ஆண்டாகையால் அவர் பெயரே துறைமுகத்திற்குச் சூட்டப்பெற்றது. 680 மீட்டர் நீளமுள்ள பெட்டகத் தளமும், உர மூலப்பொருள்கள் போன்ற மொத்தச் சரக்குக்கான எந்திரமயமான தளமும் முதற்கட்டத்தில் அமைந்தன.

திட்டமிட்டோரின் ஒரு கணிப்பு மெய்யாயிற்று; மற்றொன்று பொய்த்தது. பெட்டகச் சரக்கு எதிர்பார்ப்பையும் மிஞ்சி வளர்ந்தது. மொத்தச் சரக்கோ எதிர்பார்த்த அளவு வரவில்லை. பின்னாளில் அந்த மொத்தச் சரக்குத் தளமே இடித்தமைக்கப்பட்டுப் பெட்டக முனையமாக மாறியது. நீண்டகாலத் திட்டங்களில் கணிப்பு தவறுவது குற்றமன்று. தவறு தெரிந்தபின் திருத்திக்கொள்ள இடம் வைக்காமல் இருப்பதே குற்றம் என்பதற்கு இது சான்றாகும்.

தனியார் முனையங்களும் நில உடைமையாளர் முறையும்

இந்தியப் பெருந்துறைமுகம் ஒன்றில் தனியார் பெட்டக முனையம் முதன்முதலில் அமைந்ததும் இங்கேதான். 1997இல் 30 ஆண்டு உரிமத்தில் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் தலைமையிலான கூட்டமைப்புடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1999இல் அந்த முனையம் இயங்கத் தொடங்கியது. அதே 1997ஆம் ஆண்டில் பெருந்துறைமுகங்களுக்கான கட்டண ஆணையமும் ஏற்பட்டது. இப்போது துறைமுகத்தில் உள்ள பெட்டக முனையங்களின் வளர்ச்சியைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்.

1989 – துறைமுகமே நடத்திய முதல் முனையம்; 680 மீட்டர் தளம். 2022இல் தனியார் கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.
1999 – முதல் தனியார் முனையம். 600 மீட்டர் தளம்.
2006 – பழைய மொத்தச் சரக்குத் தளத்தின் இடத்தில் அமைந்த முனையம். 712 மீட்டர் தளம்.
2015 – தனியாக நிற்கும் 330 மீட்டர் தளம்.
2018 – நான்காவது முனையத்தின் முதற்கட்டம். 1,000 மீட்டர் தளம். 2025இல் இரண்டாம் கட்டம் திறக்கப்பட்டு 2,000 மீட்டராயிற்று.

2022இல் தன் சொந்த முனையத்தையும் ஒப்படைத்ததன் வாயிலாக, இத்துறைமுகம் முழுமையான நில உடைமையாளர் முறைக்கு மாறிய முதல் இந்தியப் பெருந்துறைமுகமாயிற்று. நிலம், நீர்வழி, பொதுவசதிகள் ஆகியவை அரசமைப்பின் கையில் இருக்கும். சரக்கைக் கையாளுவது தனியார் நிறுவனங்களின் பணி. 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்தின்கீழ் பொறுப்புக் கழகமும் ஆணையமாக மாறியது.

இம்முறையில் அரசுக்குக் கிடைக்கும் பங்கை எப்படி வரையறுப்பது என்பது மாணவர்கள் கருத்தூன்ற வேண்டிய பொருளாகும். முதல் தனியார் முனையத்தில் பெட்டகம் ஒன்றுக்கு இவ்வளவு என்று, ஆண்டுதோறும் உயர்ந்து செல்லும் உரிமைத்தொகை விதிக்கப்பட்டது. கட்டணமோ ஆணையத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. கட்டணம் ஒரு திசையிலும் உரிமைத்தொகை எதிர்த்திசையிலும் சென்றபோது, கூடுதலாக வரும் ஒவ்வொரு பெட்டகமும் முனையத்திற்குப் பாரமாகும் நிலை தோன்றியது. அடுத்த முனையங்களில் வருவாயில் ஒரு பங்கு என்னும் முறை பின்பற்றப்பட்டது. 2006இல் தொடங்கிய முனையத்தில் இப்பங்கு 35.503 விழுக்காடு, நான்காவது முனையத்தில் 35.79 விழுக்காடு. வருவாய் குறைந்தால் பங்கும் குறையும் என்பதால் இடர்ப்பாடு இருதரப்பாலும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

வளர்ச்சியும் தேக்கமும்

2000-01ஆம் ஆண்டில் துறைமுகம் கையாண்ட பெட்டகங்கள் 10 லட்சம் அலகுகளைத் தாண்டின. 2007-08இல் அது 40 லட்சத்தைத் தாண்டியது. ஏழே ஆண்டுகளில் நான்கு மடங்கை நெருங்கிய இந்த வளர்ச்சி, அடுத்த ஏழு ஆண்டுகளில் ஏறக்குறைய நின்றுவிட்டது. 2014-15இல் கையாளப்பட்டவை சுமார் 45 லட்சம் அலகுகளே.

இத்தேக்கத்திற்கு 2008இன் உலகப் பொருளாதாரச் சரிவு மட்டும் காரணமன்று. இருந்த முனையங்கள் நிரம்பிவிட்டன. புதிய முனையம் வரவில்லை. நான்காவது முனையத்திற்கு 2011இல் தேர்வு செய்யப்பட்ட கூட்டமைப்பு ஒப்பந்தத்தை நிறைவேற்றாமலே பின்வாங்கியது. மீண்டும் ஒப்பந்தப்புள்ளி கோரி 2014இல்தான் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முனையம் இயங்கத் தொடங்கியபோது ஆண்டு 2018. இந்த இடைவெளியில் குஜராத்தின் முந்த்ரா, பிபாவாவ் துறைமுகங்கள் வடமேற்கு இந்தியாவின் சரக்கில் கணிசமான பகுதியை ஈர்த்துக்கொண்டன. 1998இல் தொடங்கிய முந்த்ரா, பெட்டக எண்ணிக்கையில் நவா ஷேவாவையும் கடந்து சென்றது. தாமதத்திற்குத் தணிக்கை அறிக்கையில் தனித் தலைப்பு இருப்பதில்லை. ஆனால் வாணிகம் அதை மறப்பதில்லை.

புதிய முனையத்திற்குப் பின் வளர்ச்சி மீண்டது. 2023-24இல் 64.3 லட்சம் அலகுகளும், 2024-25இல் 73 லட்சம் அலகுகளும் கையாளப்பட்டன. பெரிய கப்பல்கள் வருவதற்காகக் கப்பற் கால்வாய் இரு கட்டங்களாகத் தூர்வாரப்பட்டு, முதலில் 14 மீட்டரும் பிறகு 15 மீட்டரும் மிதவை ஆழமுள்ள கப்பல்களுக்கு ஏற்றதாக ஆழப்படுத்தப்பட்டது.

பின்னிலமும் காலத்தின் விலையும்

பஞ்சாப், அரியானா மாநிலங்களின் பாசுமதி அரிசி, நாசிக்கின் திராட்சை, வெங்காயம், குஜராத்தின் வேதிப்பொருள்கள், ஆடைகள், மருந்துகள், பொறியியல் பொருள்கள் ஆகியவை இவ்வழியே வெளிச்செல்கின்றன. எந்திரங்கள், மின்னணுப் பொருள்கள், நெகிழி மூலப்பொருள்கள், உலோகக் கழிவு ஆகியவை உள்வருகின்றன. மகாராஷ்டிரம் முதல் தில்லி வரையிலும் அதற்கு அப்பாலும் இதன் பின்னிலம் விரிந்துள்ளது.

இப்பின்னிலத்தோடு துறைமுகத்தை இணைக்கும் பணி தளங்களைப் போல விரைந்து நடைபெறவில்லை. 1988இல் இந்தியப் பெட்டகக் கழகம் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு இரயில்வேயிடமிருந்து உள்நாட்டுக் கிடங்குகளை ஏற்றுக்கொண்டது. ஆயினும் இரயிலில் செல்லும் பெட்டகங்கள் சிறுபகுதியாகவே இருந்துவந்துள்ளன. எஞ்சியவை டிரெய்லர் லாரிகளில் சாலை வழியாகச் செல்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியிலிருந்து இத்துறைமுகம் வரையிலான 1,506 கிலோமீட்டர் மேற்குச் சரக்கு இருப்புப்பாதையில், இறுதிவரை எஞ்சி நின்றது துறைமுகத்தை ஒட்டிய பகுதியே என்பது சிந்தனைக்குரியது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேது, மும்பையின் சேவ்ரியை விரிகுடாவின் மறுகரையோடு இணைத்துள்ளது.

ஒரு நாள் தாமதத்தின் விலை என்ன? ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஓர் அலகில் 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சரக்கு இருப்பதாகவும், வணிகர் அதற்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி செலுத்துவதாகவும் வைத்துக்கொண்டால், ஒரு நாள் முடக்கத்தின் வட்டி மட்டும் ஏறத்தாழ 658 ரூபாய். ஆண்டுக்கு 73 லட்சம் அலகுகளில் பாதியளவே இத்தகைய சரக்கு நிறைந்தவை என்று கொண்டாலும், ஒவ்வொன்றும் ஒரு நாள் தேங்கினால் இழப்பு சுமார் 240 கோடி ரூபாயாகும். லாரியின் காத்திருப்பும், குளிர்பதனப் பெட்டகத்தின் மின்செலவும், வாடிப்போகும் திராட்சையும் இக்கணக்கில் சேரவில்லை.

இதனை உணர்ந்தே நடைமுறைச் சீர்திருத்தங்கள் மேற்கொள்ளப்பட்டன. இறக்குமதிப் பெட்டகங்கள் முன்பு துறைமுகத்திற்கு வெளியேயுள்ள சரக்குப் பெட்டக நிலையங்களுக்குச் சென்று, அங்கே சுங்க அனுமதி பெற்ற பிறகே உரியவரை அடைந்தன. நம்பகமான இறக்குமதியாளர்கள் துறைமுகத்திலேயே நேரடியாகப் பெற்றுக்கொள்ளும் முறை பின்னர் விரிவுபடுத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டு ஜூலையில், பெட்டகத்தில் பொருத்தும் மின்னணு வில்லை வழியாக அதன் நகர்வைக் கண்காணிக்கும் ஏற்பாடும் இங்கே தொடங்கியது. அடுத்த ஆண்டே, 2017 ஜூனில், உலகெங்கும் பரவிய கணினித் தாக்குதலில் இங்குள்ள முனையம் ஒன்று முடங்கியது. கணினியை நம்பிய வேகத்திற்குக் கணினியின் பாதுகாப்பும் அடிப்படை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

இழந்தோர் கணக்கு

இத்துறைமுகத்தின் வரலாற்றில் ஏட்டில் வராத செலவு ஒன்று உண்டு. புதிய நகருக்கும் துறைமுகத்திற்குமாக நெல்வயல்களும் உப்பளங்களும் கையகப்படுத்தப்பட்டபோது, நியாயமான ஈடு கோரி உழவர்கள் போராடினர். உழவர், தொழிலாளர் கட்சியின் தலைவரும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான தி. பா. பாட்டீல் அப்போராட்டத்திற்குத் தலைமை தாங்கினார். 1984ஆம் ஆண்டு ஜனவரி 16, 17 ஆகிய நாட்களில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிரிழந்தனர்.

அப்போராட்டத்தின் விளைவாகவே, கையகப்படுத்திய நிலத்தில் 12.5 விழுக்காட்டை வசதிகளுடன் மேம்படுத்தி, இழந்தவருக்கே திருப்பித்தரும் கொள்கை உருவாயிற்று. நிலத்தின் மதிப்பு உயர்வதற்குக் காரணமான திட்டத்தின் பயனில் நிலம் கொடுத்தவருக்கும் பங்குண்டு என்னும் இக்கொள்கை, நாட்டின் மறுவாழ்வுச் சிந்தனைக்கு ஒரு முன்னோடியாகும். ஆனால் துறைமுகத்திற்கு நிலமளித்தோருக்கு இதற்கான ஒதுக்கீட்டுக் கடிதங்கள் 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள்தான் வழங்கப்பெற்றன. துப்பாக்கிச் சூடு நடந்து முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. நிலம் கொடுத்த தலைமுறையில் பலர் அக்கடிதத்தைக் காண உயிருடன் இல்லை.

மீனவர்களின் நிலை இதனினும் கடினமானது. உழவரிடம் பட்டா இருந்தது. மீனவர் வலைவீசிய கழிமுகத்திற்குப் பட்டா ஏது? ஷேவாவிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட கோலி மீனவர்கள் குடியமர்த்தப்பட்ட அனுமான் கோலிவாடாவில் கறையான் அரித்து வீடுகள் பாழாயின. மாற்றிடம் கோரி அவர்கள் பல பத்தாண்டுகள் முறையிட நேர்ந்தது. பிற்கால விரிவாக்கத்திற்காகக் கரைப்பகுதி தூர்க்கப்பட்டதால் அலையாத்திக் காடுகள் அழிந்து, மீன்பிடிப்பு குன்றியதாக மீனவர்கள் தொடுத்த வழக்கில், 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 1,630 குடும்பங்களுக்கு 95.19 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. குடும்பம் ஒன்றுக்குச் சராசரியாக 5.84 லட்சம் ரூபாய். தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, ஆவணமில்லாத வாழ்வாதாரமும் ஓர் உரிமையே என்று ஏற்கப்பட்டதே இத்தீர்ப்பின் பொருளாகும்.

வாத்வனுக்கு ஒரு பாடம்

இக்கணக்கு பழங்கதையன்று. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், தகாணுவுக்கு அருகே வாத்வனில் புதிய பெருந்துறைமுகம் ஒன்றுக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 30இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 76,220 கோடி ரூபாய். ஜவாகர்லால் நேரு துறைமுக ஆணையத்திற்கு 74 விழுக்காடும், மகாராஷ்டிரக் கடல்சார் வாரியத்திற்கு 26 விழுக்காடும் பங்கு. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் நீளமுள்ள ஒன்பது பெட்டக முனையங்கள் திட்டமிடப்பட்டுள்ளன. அங்கே கடல் இயற்கையாகவே ஏறத்தாழ 20 மீட்டர் ஆழமுடையது. நவா ஷேவாவில் தூர்வாரிப் பெற்ற ஆழத்தை அங்கே இயற்கையே அளித்திருக்கிறது.

பொறியியல் நோக்கில் நவா ஷேவாவின் குறைகள் அங்கே பெரிதும் தவிர்க்கப்பட்டுள்ளன. துறைமுகத்தின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து அமைக்கப்படுவதால் உழவர் நிலத்தின் தேவை குறைவு. ஆனால் அதனாலேயே, பட்டா இல்லாத மீனவரின் கேள்வி அங்கே முதன்மை பெறுகிறது. அப்பகுதி மீனவர்கள் திட்டத்தை எதிர்த்து வருவதும் இதனாலேயே.

நவா ஷேவா தரும் படிப்பினைகள் மூன்று. முதலாவது, கப்பல் தளத்தோடு இருப்புப்பாதையும் சாலையும் ஒரே காலத்தில் முடிவடைய வேண்டும். தளம் முந்தி, பாதை பிந்தினால் முதலீட்டின் ஒரு பகுதி உறங்கிக்கிடக்கும். இரண்டாவது, ஒப்பந்தத்தில் வருவாயைப் போலவே இடர்ப்பாடும் பகிரப்பட வேண்டும். திறன் நிரம்புவதற்கு முன்பே அடுத்த கட்டத்திற்கான முடிவு எடுக்கப்பட வேண்டும். மூன்றாவது, மறுவாழ்வு என்பது திட்டத்தின் இறுதி அத்தியாயமாக அன்றி முதல் அத்தியாயமாக அமைய வேண்டும். எந்தக் குடும்பம் எந்த நீர்ப்பரப்பில், எந்தப் பருவத்தில், எவ்வளவு மீன் பிடிக்கிறது என்னும் கணக்கை முதல் கல் கடலில் விழுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கடல் தூர்க்கப்பட்ட பின் அக்கணக்கை எடுக்க எவராலும் இயலாது.

ஒரு பெட்டகம் கப்பலிலிருந்து இறங்கும் நொடியைப் பளுதூக்கி பதிவு செய்கிறது. அதே நுணுக்கத்தோடு, வாக்குறுதி அளிக்கப்பட்ட நாளும் அது நிறைவேறிய நாளும் பதிவு செய்யப்பட வேண்டும். இவ்விரு நாட்களுக்கும் இடையேயுள்ள தொலைவு நவா ஷேவாவில் முப்பது ஆண்டுகளாக இருந்தது. வாத்வனில் அது எத்தனை ஆண்டுகளாக இருக்கப்போகிறது என்பதே, அத்துறைமுகம் கையாளப்போகும் பெட்டகங்களின் எண்ணிக்கைக்கு இணையான அளவுகோலாகும்.